பலவேசத்தின் முன்சக்கரம்

பனையளம் என்கிற உப்பளத்து ஊரில், ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி வாக்கில், குட்டியானை வண்டி ஓட்டிப் பிழைக்கிற பலவேசம் தன்னுடைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கினான். தூக்கிய சக்கரம் கீழே இறங்கவில்லை. அன்றைக்கு இறங்கவில்லை, மறுநாள் இறங்கவில்லை, அந்த வருஷத்து உப்பு பாத்தியில் பூத்து, வாரி, வரப்பில் குவித்து, லாரியேறித் தேசம் தேசமாகப் போன பிறகும் இறங்கவில்லை. வண்டி நிற்கவும் இல்லை. இதை நம்பாதவர்கள் உண்டு. அவர்கள் அப்போது பனையளத்துக்கு வந்து பார்க்காதவர்கள்.

அவன் வீலிங் அடிப்பது ஊருக்குப் புதிதில்லை. உப்பு லாரிகளுக்காக அளங்களைச் சுற்றிப் போட்ட பதினோரு கிலோமீட்டர் ரோடு ஒன்று அங்கே இருக்கிறது. எடைமேடையில் தொடங்கி, பாத்திகளின் ஓரமாகவே போய், பம்ப்செட்டில் திரும்பி, மாரியம்மன் கோயில், கடைத்தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு மறுபடி எடைமேடைக்கே வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை லாரி கிடையாது. ஆகவே அன்றைக்குக் காலையில் அந்த ரோடு பலவேசத்துக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் பாத்தியப்பட்டது. ஒற்றைச் சக்கரத்தில் போவார்கள், சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு போவார்கள், இரண்டு கையையும் விட்டுவிட்டு மீசையை முறுக்குவார்கள், ஒருவன் அதைச் செல்போனில் எடுத்துப் போடுவான், சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் லைக் போட்டிருப்பார்கள். அந்தப் பத்தில் ஆறு பேர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள்.

பலவேசத்தின் அக்கா பெயர் சந்தனமாரி. அவளுக்கு முப்பத்தைந்து வயது, அவனுக்கு இருபத்துநாலு. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. அளத்து எடைமேடையில் அவளுக்கு வேலை. லாரி மேடையில் ஏறும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெட்டியில் சிவப்பாக எண் எரியும், அதை உரக்கச் சொல்லிச் சீட்டைக் கிழித்து டிரைவரிடம் நீட்டுவாள். போக வர அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டர் இருந்தது. இடது கால் பிடிமானம் இல்லாமல் வழுக்கிவிடும் என்பதால் ஓட்டும்போது அதை ஒரு துண்டால் வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். அம்மா செத்தபோது பலவேசத்துக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டது, அடித்தது, அடித்ததற்கு அழுதது எல்லாம் இவள்தான்.

மற்ற அக்காக்களைப் போல வீலிங்குக்குத் திட்டுகிற ரகமில்லை சந்தனமாரி. அவளுக்கு அது பிடிக்கும். வெறும் தரையில் பத்தடி நடக்கப் பதினைந்து மூச்சு வாங்குகிறவளுக்கு, இரண்டு சக்கரம் இருக்கிற வண்டியை ஒன்று போதும் என்று ஓட்டுகிறவனைப் பார்த்தால் எப்படிப் பிடிக்காமல் போகும். போதாததற்கு அவளுடைய மூன்று சக்கர வண்டியிலேயே அவளைப் பின்னால் உட்கார வைத்து, வளைவில் சரித்து, ஒரு பக்கத்துச் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தி நூறடி தூரம் ஓட்டிக் காட்டுவான் பலவேசம். சீட்டுப் போடுகிற சந்தனமாரியை மட்டுமே அறிந்த லாரி டிரைவர்கள், அந்த நூறடியில் அவள் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டால் வேறு யாரோ என்றுதான் நினைப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் யாரும் வரவில்லை. அவள்தான் எடைமேடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, உட்கார்ந்தபடியே செல்போனில் படம் எடுத்தாள். பலவேசம் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து வந்தான், முறுக்கினான், தூக்கினான், அவளைத் தாண்டும்போது இறக்கப்போனான்.

"எறக்கிராதல," என்று கத்தினாள் சந்தனமாரி. "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்."

அவன் சிரித்துக்கொண்டே இறக்காமல் போனான். இருபத்திரண்டு நிமிஷம் கழித்து, பதினோரு கிலோமீட்டரையும் சுற்றிக்கொண்டு, அதே ஒற்றைச் சக்கரத்தில் அதே சிரிப்போடு வந்தான். அவள் கைதட்டினாள். இரண்டாவது சுற்றில் வந்தபோது சிரிப்பு இருந்தது, ஆனால் அது உதட்டில் மட்டும் இருந்தது. மூன்றாவது சுற்றில் முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது.

"யக்கா, எறங்க மாட்டேங்குது," என்று சொல்லிக்கொண்டே கடந்து போனான்.

பெட்ரோல் தீர்ந்தால் தானாக நிற்கும் என்று ஊர் சொன்னது. மத்தியானம் பெட்ரோல் தீர்ந்தது, வண்டியின் சத்தம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பிரேக்கைப் பிடித்தால் பிரேக் பிடித்தது, வண்டி கேட்கவில்லை. குதித்துவிடு என்றார்கள், குதிக்கத்தான் பார்த்தான், சீட்டு அவனை விடவில்லை. கயிற்றைப் போட்டு லாரியில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், லாரியும் பின்னாலேயே பம்ப்செட் வரை போய்விட்டு வந்தது. அந்த லாரி டிரைவர் பிற்பாடு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கோயிலில் குறி கேட்டார்கள், ஆத்தா உத்தரவு வரவில்லை என்றார் பூசாரி. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுத்தார்கள், அங்கே மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்து, பொது ரோட்டில் வீலிங் அடித்ததற்கும் ஹெல்மெட் போடாததற்கும் அபராதம் எழுதினார். அடுத்த சுற்றில் மறுபடி எழுதினார். நாலாவது சுற்றில் அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, "இதையாவது போட்டுக்கப்பா, ஒரு முறைன்னு இருக்குல்லா," என்று சொல்லித் திரும்பிப் போனார்.

சாப்பாடு சந்தனமாரி கொடுத்தாள். காலைத் துண்டால் கட்டிக்கொண்டு, மடியில் இட்லிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, ஸ்கூட்டரை அவன் வேகத்துக்கு விரட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் சேர்ந்து நீட்டுவாள். அவன் ஒரு கையால் வாங்கித் தின்பான். சட்னியைக் கொடுப்பதில்தான் கஷ்டம்; முதல் வாரத்தில் அந்த ரோடு நெடுக சட்னி சிந்திக் கிடந்தது. தூக்கம் வண்டியிலேயே வந்தது, வண்டி வழி தவறவில்லை. மற்ற இயற்கைக் காரியங்களைப் பற்றி ஊர் மரியாதையாக எதுவும் கேட்கவில்லை. பம்ப்செட் வளைவில் அவன் வருகிற சமயம் உப்பு வாருகிற பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கடல் பக்கமாகத் திரும்பிக்கொள்வது என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது.

இப்படி ஒரு மாதம் போனது, ஊருக்கு அது பழகிப்போனது. எந்த அதிசயத்தையும் ஒரு மாதத்துக்கு மேல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க ஊருக்கு நேரமில்லை. உப்பு பூத்துவிட்டால் வாரியாக வேண்டும். அவன் ஒரு சுற்று வர இருபத்திரண்டு நிமிஷம், கூடாது குறையாது. ஆகவே அளத்தில் வேலை செய்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். "ரெண்டு பலவேசத்துல வந்திருதேன்," என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனார்கள். ஒரு பலவேசத்தில் சோறு கொதித்தது, மூன்று பலவேசத்தில் பக்கத்து டவுனிலிருந்து பஸ் வந்தது. கடைத்தெருவில் மருந்தை வாங்கி அவன் கையில் கொடுத்தால் பம்ப்செட்டில் இருக்கிற ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகை, சாவிக்கொத்து, மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்குவாளி எல்லாம் அவன் மூலமாகத்தான் போயின. சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் போக, தூக்கி நிற்கும் முன்சக்கரத்துக்கு அடியில் காட்டி எடுத்தார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களுக்காகக் கடைத்தெருவில் இரண்டு டீக்கடை கூடுதலாக வந்தது. பெண் வீட்டார் ஒரு குடும்பம் ஆட்டோவில் அவன் கூடவே ஒரு சுற்று வந்து, பையன் பழக்கவழக்கம் விசாரித்து, முகூர்த்தத்துக்கு மட்டும் கொஞ்சம் உட்காருவாரா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பலவேசமும் சிரிக்கத்தான் செய்தான். ஆனால் தனியாக அவள் பக்கத்தில் வரும்போது, "யக்கா, ஒரு தடவ கால ஊனி நின்னா போதும்போல இருக்கு," என்பான். அவள் அந்தச் செல்போன் படத்தை யாருக்கும் காட்டவில்லை. தன் குரல் அதில் இருந்தது. எறக்கிராதல என்ற அந்தக் குரலை வீட்டில் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டாள், ஆனால் அழிக்கவும் மனசு வரவில்லை. அதில்தான் அவன் கடைசியாக இரண்டு சக்கரத்தில் வருகிறான்.

வைகாசி மாதத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். ரோடு எடைமேடை வழியாகப் போவதால் ஒவ்வொரு சுற்றிலும் அவன் மேடை மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். ஏறும்போது பெட்டியில் எண் எரியும். அவனும் வண்டியும் சேர்ந்து இருநூற்றிருபது கிலோ. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், லாரிக்கு அது போதும். ஒரு நாள் காலையில் இருநூற்றுப் பத்து எரிந்தது. மெலிந்துவிட்டான் என்று நினைத்து அன்றைக்கு இரண்டு முட்டை கூடுதலாகக் கொடுத்தாள். பத்து நாளில் இருநூறு ஆனது. ஆனியில் நூற்றெழுபது. பலவேசம் மெலியவில்லை, கன்னமெல்லாம் அப்படியே இருந்தது. வண்டியும் அதே வண்டிதான், திருகாணி ஒன்று விழவில்லை. மேடை கெட்டுப்போயிருக்கும் என்று ஆள் வரவழைத்துப் பார்த்தாள். வந்தவர் எடைக்கல் வைத்துப் பார்த்துவிட்டு மேடை சரியாக இருக்கிறது என்று முத்திரை போட்டுவிட்டுப் போனார்.

அவள் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் ஆடி மாதம் இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே அவன் சொன்னான்.

"யக்கா, பள்ளிக்கூடத்துப் பக்கம் ரோட்டச் சரி பண்ணிட்டாவளா?"

"இல்லயே. எப்பவும் போலக் குழியாத்தான் கெடக்கு."

"எனக்குக் குழி தெரிய மாட்டேங்குதுக்கா. ஒரு மாசமா ஒரு குழியும் தெரியல."

அவள் அன்றைக்கு வேலையில் நாலு சீட்டைத் தப்பாகப் போட்டாள். அவன் இறங்கவேண்டும் என்று இத்தனை நாள் வேண்டியிருந்தாள். இனிமேல் வேண்டியது அதில்லை, அவன் மண்ணைத் தொட்டுக்கொண்டாவது இருக்க வேண்டும். ஒற்றைச் சக்கரமானாலும் சரி, அதன் ஒரு விரற்கடை ரப்பராவது ரோட்டில் பட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஊரிடம் சொன்னாள். கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அளத்தில் இருபது வருஷமாகக் கங்காணியாக இருக்கிற சிவனணைஞ்ச பெருமாள் என்பவர்தான் இந்த மாதிரிக் கூட்டங்களில் கடைசியாகப் பேசுகிறவர். கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதுதான் முடிவு.

"எட கொறைஞ்சா எடயக் கூட்ட வேண்டியதுதான். இது என்ன பெரிய விசயம்," என்றார் அவர்.

"அப்பம் ரெண்டு பாறாங்கல்லக் கட்டுங்க அண்ணாச்சி," என்றாள் சந்தனமாரி.

கூட்டம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. கங்காணி கோபப்படவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "கல்லக் கட்டுறது கெணத்துல போடுறவனுக்குத் தாயி. உயிரோட இருக்கவன் மேல யாராவது கல்லக் கட்டுவாவளா? நம்ம ஊருல கனம்னா உப்புதான். உப்புக்கு மேல என்ன கனம் இருக்கு?"

இதுதான் பனையளத்தின் கோளாறு. அந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் கனம் என்றால் தலையில் உப்புப் பெட்டி, முதுகில் உப்பு மூட்டை, லாரியில் உப்புப் பாரம். கழுத்தெலும்பு வளைவதும் முட்டி தேய்வதும் உப்பால்தான். இரும்பும் கல்லும் அவர்களுக்குக் கணக்கிலேயே இல்லை. அவளுக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது. அவள் அப்பா உப்பு சுமந்தே போய்ச் சேர்ந்தவர்.

ஐம்பது கிலோ மூட்டை இரண்டை, ஓடுகிற வண்டியில், கங்காணியும் மூன்று பேரும் குட்டியானையில் கூடவே ஓடி, வண்டியின் இரண்டு பக்கமும் கட்டினார்கள். அடுத்த சுற்றில் எடைமேடையில் இருநூற்று நாற்பது எரிந்தது. அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள். வெளியே நின்றிருந்தவர்கள் வெடி போட்டார்கள். அன்றைக்குப் பலவேசத்துக்குக் குழி தெரிந்தது. "யக்கா, இடுப்பு ஒடியுது," என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே போனான்.

ஆவணி முழுக்க அவள் நன்றாகச் சாப்பிட்டாள். புரட்டாசியில் எண் மறுபடி இறங்கத் தொடங்கியது. அவன் மேல் எதைக் கட்டினாலும் சில நாளில் அதுவும் அவனைச் சேர்ந்ததாகி, அவனைப் போலவே லேசாகிக்கொண்டு வந்தது. ஊர் சளைக்கவில்லை, இன்னும் இரண்டு மூட்டை கட்டியது. தவிர, வேண்டுதல்காரர்கள் ஆளுக்கு ஒரு பொட்டணம் உப்பு கொண்டுவந்து கட்டினார்கள், பிள்ளை வரம் கேட்டு, கடன் அடைய, வெளிநாட்டு விசா கிடைக்க. வண்டியும் தெரியவில்லை ஆளும் தெரியவில்லை, ஒற்றைச் சக்கரத்தில் ஒரு உப்பு அம்பாரம் நகர்ந்து வருவதும் அதன் உச்சியில் போலீஸ்காரர் ஹெல்மெட் ஒன்று இருப்பதும்தான் தெரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

ஐப்பசி வந்தது. வடகிழக்கே கறுத்துக்கொண்டு வந்த முதல் நாள், அளத்தில் இருக்கிற எல்லோரும் வருஷா வருஷம் செய்வதைச் செய்தார்கள்; பாத்தியில் வேலையை நிறுத்தினார்கள், வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்தார்கள், பனையோலை கொண்டு கூரை போல மூடினார்கள். அம்பாரங்களை மூடிவிட்டுப் பலவேசத்தையும் மூடினார்கள். மூட்டைகளின் மேல் ஓலையை அடுக்கி, கயிற்றால் வரிந்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி விட்டார்கள். அப்போது அவர்கள் ஒருவர் முகத்திலும் சந்தேகம் இல்லை. ஓலை மூடிய அம்பாரம் நிற்கிற அம்பாரம், காற்றும் அதற்கு ஒரு பக்கமாக அடிக்கும். இது ஓடுகிற அம்பாரம், நாலு பக்கமும் காற்றை எதிர்கொள்கிறது. இது அத்தனை கைதேர்ந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சந்தனமாரிக்கு மட்டும் தோன்றியது. தோன்றி என்ன செய்ய. அதற்குள் தூறல் விழுந்துவிட்டது.

மழை மத்தியானம் பிடித்தது. முதல் சுற்றில் ஓலை பிய்ந்துகொண்டு போனது. எடைமேடையில் நூற்றிருபது எரிந்தது. அவள் கங்காணிக்குப் போன் பண்ணினாள், அவர் அம்பாரத்து ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சுற்றில் மூட்டைகள் இளைத்து, சாக்கு தொங்கி, அவன் வந்த வழியெல்லாம் வெள்ளையாக ஒழுகிக்கொண்டு வந்தது. எழுபது. அவள் மேஜையிலிருந்த சீட்டுப் புத்தகங்களை, தண்ணீர்ப் பாட்டிலை, பூட்டை, கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒரு பையில் திணித்து அவன் கடக்கும்போது எறிந்தாள். அவன் எட்டிப் பிடித்துக்கொண்டான். முகத்தில் மழை வழிந்தது. "யக்கா, சத்தமே கேக்கல," என்றான். சக்கரம் தண்ணீரில் ஓடுகிற சத்தத்தைத்தான் சொன்னான்.

அடுத்து வந்தபோது முப்பது. அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். தரையெல்லாம் சேறு, உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே ஸ்கூட்டர் வரை போய், ஏறி, காலைத் துண்டால் கட்டினாள். துண்டு நனைந்திருந்தது, முடிச்சு இறுகிக்கொண்டது. பாத்திகளின் ஓரமாக விரட்டினாள். பம்ப்செட்டுக்கு முன்னால் அவனை எட்டிப்பிடித்தாள். சாக்குகள் காலியாகிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. வேண்டுதல்காரர்களின் பொட்டணங்கள் வெறும் துணியாகத் தொங்கின. பின்சக்கரம் ரோட்டிலிருந்த தண்ணீரைத் தெறிக்கக்கூட இல்லை; அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"யக்கா, நீ எதுக்கு மழைல வந்த?" என்றான்.

அவள் இடது கையை நீட்டி அவன் கணுக்காலைப் பிடித்தாள். முப்பது வருஷமாக முட்டியில் ஊன்றி ஊன்றி நடந்த கை அது. அந்தக் கை பிடித்தால் லாரி டிரைவர்களாலேயே விடுவித்துக்கொள்ள முடியாது. பிடித்தவுடன் அவனுடைய சக்கரம் ரோட்டில் உரசிற்று, தண்ணீர் தெறித்தது. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. நாற்பத்திரண்டு கிலோ இருக்கிறேன், வண்டி நூற்றைம்பது இருக்கிறது, இப்படியே பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் சுற்றுவோம், எனக்கென்ன பிள்ளையா குட்டியா, வேலையாவது மண்ணாவது என்று நினைத்தாள். அப்படியே ஒரு கிலோமீட்டர் போனார்கள். பம்ப்செட் ஆள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கையசைத்தார்.

பிறகு அவளுடைய ஸ்கூட்டரின் முன்சக்கரம் எழும்பியது. முதலில் ஒரு விரற்கடை, பிறகு ஒரு சாண். அவள் பார்க்கவில்லை, அவன் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன்தான் பார்த்தான். ஏழு மாதமாக அவன் முகத்தில் சலிப்பு இருந்திருக்கிறது, களைப்பு இருந்திருக்கிறது, பயம் இருந்ததில்லை. இப்போது அவனுக்குப் பயம் வந்தது. காலை வண்டியோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்கா, அந்த வண்டியின் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. அந்தரத்தில் நிற்கிற முன்சக்கரம் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"விடுக்கா," என்றான்.

"மாட்டேன்."

"யக்கா, ஓஞ் சக்கரத்தப் பாரு."

"பாக்க மாட்டேன். நீ சும்மா கெட."

அவன் குனிந்து அவள் கையைப் பிடித்தான்.

ஸ்கூட்டரின் சக்கரம் ரோட்டில் வந்து விழுந்தபோது வண்டி அலைந்து, வரப்பில் இடித்து நின்றது. அவளுக்குக் காயம் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது பலவேசம் பாத்திகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தான். அவசரமில்லாமல், அதே ஒற்றைச் சக்கரத்து நிலையில், அம்பாரங்களைத் தாண்டி, உடைமரங்களைத் தாண்டி, பனை உச்சிகளைத் தாண்டிக் கடல் பக்கமாக ஏறிப் போனான். மழைக்குள் வெகுநேரம் தெரிந்தான், பிறகு தெரியவில்லை. அவளால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. வண்டியோடு கட்டுண்டபடி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தவளைக் கங்காணியும் மற்றவர்களும் வந்து துண்டை அறுத்துத்தான் தூக்கினார்கள்.

ஊர் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை; மழையில் வேலையும் இல்லை. கங்காணி தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். அதன் பிறகு ஊருக்குத் தெரிந்தபடி ஊர் இதையும் பழகிக்கொண்டது. தை பிறந்து பாத்தியில் தண்ணீர் கட்டியபோது ஆளுக்கொரு கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், கூடுதலாக வந்த டீக்கடைகளில் ஒன்று மூடியது, போலீஸ்காரர் புது ஹெல்மெட் வாங்கினார். ஆனாலும் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஒன்றைக் கேட்டார்கள்: கடைசியாக என்ன சொன்னான்? சந்தனமாரி, "போயிட்டு வாரேன்னு சொன்னான்," என்றாள். ஊருக்கு அது பிடித்திருந்தது. அதைத் தட்டியில் எழுதி, அவன் படத்துக்குக் கீழே போட்டு, எடைமேடைக்கு எதிரே கட்டினார்கள். ஒவ்வொரு லாரிக்கும் சீட்டுக் கிழிக்கும்போது அது அவள் கண்ணில் படும்.

அவன் சொன்னது அதில்லை. குனிந்து அவள் கையைப் பிடித்தவன் இழுத்து உதறவில்லை. அவளுக்கு வலிக்கக்கூடாதென்று ஒவ்வொரு விரலாகத்தான் பிரித்தான். சுண்டுவிரலைப் பிரித்தான், மோதிர விரலைப் பிரித்தான், நடுவிரலுக்கு வந்தபோது அது வரவில்லை, அவள் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். கொஞ்சம் பலமாக இழுத்தான், பிறகு நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "வலிக்குதா யக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவளிடம் நரம்பை இழுத்துக் கட்டிய வைத்தியர் கேட்டிருக்கிறார், காலுக்கு இரும்புச் சட்டம் மாட்டிய ஆஸ்பத்திரி ஆள் கேட்டிருக்கிறார், படிக்கட்டுள்ள வீடுகளிலெல்லாம் யாராவது கேட்டிருக்கிறார்கள். எத்தனை வலித்தாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லிப் பழகியிருந்தாள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கையை எடுத்திருப்பான். அக்காவுக்கு வலிக்கிறதென்றால் அவன் எதையும் தொட மாட்டான், சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். அவள் யோசிக்கவே இல்லை, பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"இல்ல," என்றாள்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அவன் மிச்சமிருந்த விரல்களையும் பிரித்தான்.